நிறுத்திய மூன்றாம் இரவு

கார்த்திகை முதல் தேதி விடிகாலையில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். பதினைந்து வருஷமாக நாள் தவறாமல் குடித்தவர். காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். அதற்குப் பிறகுதான் கொத்துவேலைக்குக் கரண்டியைத் தொடுவார். மாலை கழுத்தில் ஏறிய அன்று அவர் மனைவி முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். அன்றும் அடங்கியது, இரும்புதான் அடக்கியது என்று கடையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் கண்ணை மூடவில்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். செத்துப்போன அப்பாவோடு பேசினார். மார்பெல்லாம் வியர்வை ஓடியது. சாமி வந்திருக்கிறது என்று கூடியிருந்தவர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்சம்மா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவர் மனைவியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “கடைசியா எப்பம்மா குடிச்சாரு?”

அண்ணனை ஆட்டோவில் ஏற்றி ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார்.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. குடியும் போதையும் ஓர் ஊரில் செய்யும் சேதத்தில் பெரும்பங்கு குறிப்பிட்ட சில மணி நேரங்களில் நடக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மருத்துவர்கள் அல்ல. மனைவி, அண்டைவீட்டார், ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர்தான். உடம்புக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ சாவுகள் தள்ளிப்போகும்.

டெல்டாவில் ஆடிக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். காற்று எதிரே தள்ளத் தள்ள, கால் தன்னையறியாமல் அழுத்தி மிதிக்கப் பழகிவிடும். திடீரென்று காற்று நின்றால் சைக்கிள் கட்டுக்கடங்காமல் பாயும். மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. குளூட்டமேட் என்பது அவற்றைக் கிளர்த்துகிறது. சாராயம் காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. குடித்தவருக்குப் பயம் குறைவதும் நாக்கு குழறுவதும் அதனால்தான். நாள்தோறும் இப்படி அமுக்கப்படும் மூளை சும்மா இருப்பதில்லை. காபாவுக்குச் செவிசாய்க்கும் ஏற்பிகளை மழுங்கடித்து, குளூட்டமேட்டுக்கான ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. எதிர்காற்றில் மிதிக்கப் பழகிய கால் அது. சாராயம் ஒரே நாளில் நின்றால், அமுக்க ஆளில்லாமல் நரம்பு மண்டலம் முழுவதும் பாய்கிறது.

இதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள், சிலருக்கு, அண்ணன் சுவரில் எறும்பு பார்த்த அந்தக் கட்டம் வருகிறது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவம் அதைச் சொல்கிறது. சரியான மருந்துகள் இல்லாத காலத்தில் அந்நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு. இன்று டயசெபம், லோரசெபம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்த மருந்துகள் செய்வது வேறொன்றுமில்லை. நின்றுபோன எதிர்காற்றைக் கொஞ்ச நாளைக்கு வேறு வழியில் வீசச் செய்து, மெதுவாக ஓயவிடுகின்றன.

குடிக்கிற எல்லோருக்கும் இந்த ஆபத்து இல்லை. காலையில் எழுந்ததும் குடித்தாக வேண்டியவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், பல வருஷமாக இடைவெளியின்றிக் குடிப்பவர் ஆகியோர்தான் அஞ்ச வேண்டியவர்கள். மாலை போடுவதும், அம்மனுக்குக் காப்புக் கட்டுவதும், கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வதும் நம் ஊர்களில் குடியை நிறுத்த இருக்கும் உறுதியான வழிகள். நான் அவற்றை மதிக்கிறேன்; அவற்றால் திருந்திய குடும்பங்களை அறிவேன். ஆனால் இப்படிப்பட்டவர்கள் கயிறு கட்டுவதற்கு முன்பே ஒருமுறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வர வேண்டும். மாலை போட்டுவிடும் குருசாமியே “காலையில குடிக்கிற பழக்கம் உண்டா தம்பி?” என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்து மதுக்கடைகளை ஒரே நாளில் மூடியபோது இந்தக் கால அட்டவணையை நாடே பார்த்தது. கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது தரலாம் என்று அம்மாநில அரசு ஆணை போட, உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டில் வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தார்கள். கடையை மூடுவது தவறு என்று இதைக் கொண்டு நான் வாதாடவில்லை. ஊருக்குப் பக்கத்தில் மருந்து தயாராக இல்லாமல் மூடினால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

இனி அளவுக் கணக்கு. ஒரு குவாட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் தூய எத்தனால் 77 மில்லி. எடை ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது சராசரியாக 7 முதல் 10 கிராம்தான். மோர் குடித்தாலும், குளித்தாலும், எலுமிச்சை பிழிந்து தலையில் தேய்த்தாலும் அந்த வேகம் கூடுவதில்லை. இரவு பத்து மணிக்கு இரண்டு குவாட்டரை முடித்தவரின் ரத்தத்தில் மறுநாள் காலை ஏழு மணிக்கும் சாராயம் ஓடிக்கொண்டிருக்கும். “நேத்து ராத்திரிதானே, இப்பத் தெளிவா இருக்கேன்” என்று அவர் பள்ளி வேனை ஓட்ட ஏறி உட்கார்கிறார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்டத்தின் வரம்பை அவர் தாண்டியிருக்கக்கூடும் என்பது அவருக்கே தெரியாது.

கிராமத்துக் கிளினிக்கில் நடக்கும் ஒரு சிறு தவறையும் சொல்ல வேண்டும். நாலு நாளாகச் சாப்பிடாமல் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடித்துக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தெம்புக்கு ஒரு டிரிப்ஸ் போடச் சொல்லிக் கேட்பார்கள். குளுக்கோஸ் ஏறும். குடிப்பவரின் உடம்பில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும்; உணவு இல்லாததோடு, சாராயம் குடல் அதை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. குளுக்கோசை ஆற்றலாக மாற்ற மூளைக்குத் தயமின் வேண்டும். அது இல்லாத மூளைக்குள் குளுக்கோஸ் மட்டும் வெள்ளமாக வந்தால், மிச்சமிருக்கும் துளித் தயமினும் செலவாகி, பார்வை நிலைகுத்தி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் வெர்னிக்கே பாதிப்பு கிளம்பக்கூடும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். அதனால்தான் குளுக்கோசுக்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போட வேண்டும் என்பது விதி. விலை மலிவான ஊசி அது. “இவரு குடிக்கிறவரு, பி1 ஊசி போட்டீங்களா டாக்டர்?” என்று கூட வந்தவர் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

சுவரொட்டிகளில் விளம்பரமாக வரும் இன்னோர் ஆபத்து, ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் மருந்து’. இந்தப் பொடிகள் எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. ஆனால் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் பொடித்து இப்படி ரகசியமாகக் கொடுக்கும் பழக்கம் உண்டு. 1930-களில் ரப்பர் தொழிற்சாலையில் இந்த வேதிப்பொருளோடு வேலை பார்த்தவர்கள் மதுவைத் தொட்டாலே முகம் சிவந்து துடித்தார்கள். 1940-களின் கடைசியில் டென்மார்க்கின் ஹால்டும் யாகோப்சனும் அதை மருந்தாக்கினார்கள். சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும், அது நச்சு. அடுத்த நொதி அதை உடனே மாற்றிவிடும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாம் நொதியைக் கட்டிப்போடுகிறது. நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். மனமறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுபவருக்கு இது நல்ல துணை. ‘இன்று மாத்திரை போட்டாயிற்று, இனி தொட முடியாது’ என்ற உறுதி கிடைக்கிறது. சாம்பாரில் கலந்தது தெரியாமல் குவாட்டரைக் கவிழ்க்கும் இதய நோயாளிக்கு அதுவே எமன். அழுது அலுத்துப்போன மனைவிமார்தான் இதை வாங்குகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை அந்த வீட்டுக்கு விற்றவர்கள் மேல்தான் கோபம்.

கள்ளச்சாராயத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. 2024 ஜூன் 18 இரவிலிருந்து கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர். முதல் சாவுக்குக் காரணம் தெரியாமல், இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகக் கள்ளக்குறிச்சியிலிருந்து செய்தி வந்தபோது என்னால் அன்றைக்குச் சோறு தின்ன முடியவில்லை.

ஊறலில் பல்லியோ பாம்போ விழுந்துவிட்டது, பேட்டரிக் கட்டை அதிகமாகிவிட்டது என்றெல்லாம் ஊரில் பேசுவார்கள். உண்மைக் காரணம் மெத்தனால் என்ற இன்னொரு வகை ஆல்கஹால். வெல்லத்தை ஊறவைத்து வடிக்கும் சாராயத்தில் மெத்தனால் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொல்வது, தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலைக் கொண்டுவந்து கலப்பது. நிறத்திலும் மணத்திலும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. பல வருஷம் குடித்த நாக்கும் ஏமாறும். 30 மில்லி அளவே உயிரைப் பறித்திருக்கிறது.

மெத்தனால் அப்படியே இருந்தால் பெரிய விஷமில்லை. எத்தனாலைச் சிதைக்கும் அதே கல்லீரல் நொதி மெத்தனாலைப் பிடித்து ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அடுத்து அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்புக் கடியில் சுள்ளென்று இருக்கிறதே, அதே அமிலம். மனித உடல் அதை வெளியேற்றும் வேகம் மிகக் குறைவு. ஒவ்வொரு உயிரணுவிலும் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் கடைசி நொதியை அது முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணு மூச்சுத் திணறுகிறது. ஆற்றல் அதிகம் கேட்கும் கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. “பனி மூட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்வார்கள்.

இதெல்லாம் நடக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே கடைச் சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே இரவு குடித்தவர் காலையில் நன்றாகத்தான் எழுந்திருப்பார், வேலைக்கும் கிளம்பியிருப்பார். மதியம் வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு. வழக்கமான குடிச் சோர்வு என்று படுத்துக்கொள்வார். இந்தச் சில மணி நேரம்தான் அவர் உயிர். மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அளந்து எத்தனாலையோ கொடுத்து நொதியை மறித்துவிட்டால், இன்னும் அமிலமாகாத மெத்தனால் அப்படியே நிற்கும். டயாலிசிஸ் அதை வடித்தெடுத்துவிடும். சாராயத்துக்குச் சாராயமே மருந்து என்று கேள்விப்பட்டு வீட்டில் ஊற்றிக்கொடுக்கக் கூடாது. அளவு தெரியாது, அமிலத்தை அது நீக்காது, பொழுதும் வீணாகும். கருணாபுரம் போன்ற தெருக்களில் ஆட்களைப் படுக்கையிலேயே வைத்திருந்தவை போலீஸ் பயமும் கூச்சமும்தான். ஒரே இடத்தில் வாங்கியவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலும், நன்றாக இருப்பவர்கள் உட்பட எல்லோரையும் 108-இல் ஏற்ற வேண்டும். “அந்தப் பாக்கெட்ட யாரும் தொடாதீங்க” என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். குடித்தவர்மீது வழக்கு வராது என்று ஊராட்சித் தலைவரும் காவல் ஆய்வாளரும் முன்கூட்டியே தெருவில் நின்று சொல்லி வைத்திருந்தால், அந்த நேரத்தில் யாரும் தயங்க மாட்டார்கள்.

மாத்திரைப் போதை பற்றி ஒன்று மட்டும். டபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. இவர்கள் சாவது பல நேரம் விட்டுவிட்டு மீண்டும் தொடும்போது. சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில மாதம் இருந்து வந்தால் உடம்பின் தாங்கும் திறன் கரைந்திருக்கும். கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். 1982-இல் ஷெப்பர்ட் சீகல் குழுவினர் எலிகளுக்கு ஹெராயின் பழக்கிக் காட்டியது இன்னும் நுட்பமானது. பழகிய இடத்தில் தாங்கிய எலிகளைப் புது இடத்தில் வைத்து அதே அதிக அளவைக் கொடுத்தபோது, இறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிள்ளை மையத்திலிருந்து வீடு திரும்பும் முதல் வாரங்களில் அவனைத் தனியே விடாதீர்கள். சேர்க்கும் மையத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்து வைத்து அடித்து உயிர் போன செய்திகள் நம் மாநிலத்திலேயே வந்திருக்கின்றன.

நேரம் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் ஊராட்சியும் நகராட்சியும் செய்யக்கூடியது நிறைய. பிரேசிலில் சாவோ பாவ்லோவுக்குப் பக்கத்தில் தியாதெமா என்ற தொழிற்சாலை நகரம். இருபத்துநான்கு மணி நேரமும் மதுக்கூடங்கள் திறந்திருந்தன, கொலைகள் மலிந்தன. அவை எங்கே, எத்தனை மணிக்கு நடக்கின்றன என்று பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். இரவு 11-க்குப் பிறகு, மதுக்கூடங்களைச் சுற்றி. 2002 ஜூலையிலிருந்து இரவு 11 முதல் காலை 6 வரை மூட வைத்தார்கள். மாதத்துக்கு ஒன்பது கொலைகள் வரை குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. யாரையும் குடிக்காதே என்று சொல்லவில்லை. நம் ஊரில் டாஸ்மாக் நண்பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது என்பது தாளில் உள்ள நேரம். விடிகாலையில் பார் சந்தில் ‘பிளாக்கில்’ கைமாறும் குவாட்டர்தான் கை நடுக்கக்காரரின் முதல் மருந்து. தெருப் பெண்கள் ஒரு நோட்டில் சண்டை, விபத்து, அடிதடி நடந்த நேரத்தை ஒரு மாதம் எழுதினால், எங்கே, எந்த நேரத்தில் மூடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். 2019-இல் வெளிவந்த எய்ம்ஸின் தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதோர் உதவி கிடைக்கிறது என்று கண்டது. மற்ற 37 பேரை நகரத்து மருத்துவமனைகள் அள்ளிக்கொள்ளப் போவதில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். 1989-இல் அவருடைய குழு திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனது. பதினைந்து நாள் முகாம். ஆட்களைக் கண்டறிந்து அழைத்துவந்தது, இடம் கொடுத்தது, வீடு திரும்பிய பின் தொடர்ந்து பார்த்துக்கொண்டது எல்லாவற்றிலும் ஊருக்குக் கை இருந்தது. குடும்பத்தாருக்கும் ஆலோசனை. சென்னையில் படுத்துத் தெளிந்தவர் ஊர் திரும்பியதும் சந்திப்பது அதே ஆலமரம், அதே சாயங்கால வெளிச்சம், அதே கூட்டாளிகள். மூளை இந்த அடையாளங்களைக் கண்டதும் ஏக்கத்தைக் கிளப்பும்படி பழகியிருக்கிறது. ஊரே சிகிச்சையில் சேர்ந்திருந்தால் அந்த ஆலமரத்தடியில் “வாண்ணே, டீ சாப்பிடலாம்” என்று கூப்பிடவும் ஆள் இருக்கும்.

இன்னும் அடிமையாகாத, ஆனால் ஆபத்தான அளவில் குடிக்கும் ஆண்களுக்காகக் கோவாவில் நடந்த சோதனை என்னை அதிகம் நம்ப வைத்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குக் கூடுதலாகச் சில அமர்வுகள் ஆலோசனை. ஆலோசனை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்து, முந்தைய இரு வாரங்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் நூற்றுக்கு 42 பேர். மற்றதில் 18 பேர். 2017-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அந்த ஆலோசனையில் பயமுறுத்தல் கிடையாது. என்றைக்குக் குடிக்கத் தோன்றுகிறது, யாரோடு, அன்று வேறென்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவதுதான். நம் கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் குழுத் தலைவியும் இதைக் கற்றுக்கொள்ள முடியாதென்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

எங்கள் தெரு அண்ணன் அந்தக் கார்த்திகைக்குப் பிறகு எட்டு மாதம் குடிக்கவில்லை. ஆவணியில் மச்சான் கல்யாணத்தில் மறுபடி தொட்டார். ஒரே வாரத்தில் காலைக் கட்டிங்கில் வந்து நின்றார். ஒருநாள் இரவு அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். முந்தைய வருஷமென்றால் எந்தக் கோயிலில் கயிறு கட்டலாம் என்று கேட்டிருப்பார்.

“அண்ணே, நாளைக்கு ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசியாக் குடிச்சாரு. எழுதி வச்சிருக்கேன். போன தடவை எத்தனாவது மணி நேரத்துல வலிப்பு வந்துச்சுன்னு நர்சம்மாகிட்ட கேட்டு அதையும் எழுதிக்கிட்டேன். வேற என்ன கேப்பாங்க?”

காலையில் எதுவும் குடிக்கத் தராமல் நிறுத்தி வைக்க வேண்டாம், அவர் போக்கிலேயே கூட்டிப் போங்கள், பழைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.